கேன்டீனில் ஏலம் போன கடன்பத்திரம்

கடன்பத்திர வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் பாதிப் பேர் என்னைவிட நன்றாகக் கணக்குப் போடுவீர்கள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒரு பத்திரத்தின் விலையைக் கண்டுபிடிக்க நான் கால்குலேட்டரோடு அரை மணி நேரம் மல்லுக்கட்டுவேன். நீங்கள் செல்போனில் நாலு தட்டு தட்டி முடித்துவிடுகிறீர்கள். பரீட்சை தேறிய சான்றிதழ் வேறு கையில் வைத்திருக்கிறீர்கள். அதனால் சூத்திரம் சொல்லித்தர நான் வரவில்லை. சூத்திரம் தெரிந்தவர்கள் எந்த இடத்தில் சறுக்குகிறார்கள் என்று எனக்குத் தெரியும், அதைச் சொல்கிறேன். நடுநடுவே கொஞ்சம் பெருமையும் அடித்துக்கொள்வேன். ஓய்வு பெற்றவளுக்கு அந்த உரிமை உண்டு.

நான் வேலை பார்த்தது கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு ஃபவுண்டரியில். இரும்பை உருக்கி லாரிக்கும் டிராக்டருக்கும் பாகம் வார்க்கிற இடம். எங்கள் ஆட்களின் பி.எஃப். பணம் அரசு அலுவலகத்துக்குப் போகாது. அரசாங்க அனுமதியோடு தொழிற்சாலையே ஒரு டிரஸ்ட் வைத்து அதைப் பார்த்துக்கொண்டது. மாதாமாதம் வருகிற பணத்தை விதிப்படி கடன்பத்திரங்களில் போட வேண்டும். பெரும்பாலும் மத்திய, மாநில அரசுகளின் பத்திரங்கள். டிரஸ்டில் நிர்வாகத்துக்கும் தொழிலாளர்களுக்கும் சம எண்ணிக்கையில் ஆட்கள் உண்டு. எதை வாங்கினாலும் விற்றாலும் இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரு கையெழுத்து விழுந்தாக வேண்டும். நான் அந்த டிரஸ்டின் அதிகாரி. பதவிப் பெயர்தான் பெரிது, உட்கார்ந்திருந்தது வருகைப் பதிவு செய்கிற டைம் ஆபீஸுக்குப் பின்னால் ஒரு சின்ன அறையில்.

பத்திரக் கணக்கை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு குரல். சென்னையில் நாங்கள் பத்திரம் வாங்குகிற தரகு நிறுவனத்தில் போன் எடுக்கிற பெண். என்னைவிட வயதில் சின்னவள். பல வருஷம் அவள் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை. நான் போன் செய்து, வட்டி கால் சதவீதம் ஏறினால் இந்தப் பத்திரம் என்ன விலைக்கு வரும் என்று கேட்டால் பதில் சொல்ல மாட்டாள். ஏறுமா இறங்குமா, அதை முதலில் நீங்கள் சொல்லுங்கள் என்பாள். சொன்னால், நிறையவா கொஞ்சமா என்பாள். அதற்கும் நான் பதில் சொன்ன பிறகுதான் எண்ணைக் கொடுப்பாள். திசையைச் சொல்லாமல் நேரே எண்ணைச் சொல்லிவிட்டால் போனை வைத்துவிடுவாள். நாலு தசமம் வரை சுத்தமாகக் கணக்குப் போட்டு, திசையைத் தலைகீழாகச் சொல்லி மாட்டிக்கொண்டவர்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள் போல. முதலில் எனக்குக் கோபம் வந்தது. ஆறு மாதம் போனதும் கால்குலேட்டரைத் தொடுவதற்கு முன்பே விலை எங்கே போகும் என்று மனசுக்குத் தெரிய ஆரம்பித்தது. நீங்களும் இந்தப் பழக்கத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அவள் இன்னொரு கேள்வியும் கேட்பாள். விற்கலாமா என்று நான் யோசனை கேட்டால், "பணம் யாருக்கு வேணும், எப்போ வேணும்?" என்பாள். அது கணக்கில் சேராத கேள்வி என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். எல்லாக் கணக்கும் அதற்குள்தான் இருக்கிறது என்று ஓர் ஆடி மாதம் எனக்குப் புரிந்தது.

அந்த வருஷம் வட்டி விடாமல் ஏறிக்கொண்டிருந்தது. வட்டி ஏறினால் பழைய பத்திரங்களின் விலை இறங்கும். இது உங்களுக்கு மனப்பாடம். கூடுதல் வட்டி தருகிற புதுப் பத்திரம் கடையில் கிடைக்கும்போது குறைந்த வட்டிக்காரப் பழசை யாரும் முழு விலைக்கு வாங்க மாட்டார்கள், அவ்வளவுதான் விஷயம். அதுவரை எங்கள் ஆண்டறிக்கையில் பத்திரத்தை வாங்கிய விலை மட்டும்தான் இருக்கும். அந்த வருஷம் புதிதாக வந்த ஆடிட்டர் அதன் பக்கத்தில் இன்றைய சந்தை விலையையும் போட்டு, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மூன்றாவதாகக் காட்டினார். முறையான வேலைதான். ஆனால் அந்த மூன்றாவது வரிசை முழுக்க மைனஸ்.

தொழிலாளர்கள் பக்கத்து டிரஸ்டி தேசிங்கு. உருக்கு உலையில் வேலை. டிரஸ்டில் எது நடந்தாலும் மறைக்கக் கூடாது என்று சொல்லித்தான் தேர்தலில் ஜெயித்தவர். டிரஸ்ட் சம்பந்தப்பட்ட எந்தக் காகிதத்தையும் கேன்டீன் பலகையில், அன்றைய சாப்பாட்டுப் பட்டியலுக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுவது அவர் வழக்கம். வருஷா வருஷம் ஒட்டுவார். ஒருவரும் படிக்க மாட்டார்கள். சாம்பாரா காரக்குழம்பா என்று பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். அந்த வருஷமும் வழக்கம்போல ஒட்டினார். அன்றைக்கென்று பார்த்து யாரோ படித்துவிட்டார்கள்.

படித்தவர் மைனஸ் வரிசையை மட்டும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டார். இரண்டாம் ஷிப்ட் முடிவதற்குள் புதுவாயல் கூட்டுரோட்டு டீக்கடை வரைக்கும் செய்தி போய்விட்டது. எங்கள் ஃபவுண்டரியில் பி.எஃப். பணத்தைத் தொலைத்துவிட்டார்களாம் என்று பேச்சு.

மறுநாள் வேப்பம்பட்டிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்தேன். ஆடி என்பதால் பெரியபாளையத்தில் அம்மன் கோவில் கூட்டம், பஸ் ஊர்ந்து ஊர்ந்துதான் வந்து சேர்ந்தது. இறங்கிப் பார்த்தால் என் அறை வாசலிலிருந்து டைம் ஆபீஸைத் தாண்டி வரிசை நிற்கிறது. எல்லார் கையிலும் அட்வான்ஸ் படிவம். வீடு பழுதுபார்க்க, வைத்தியச் செலவுக்கு, கல்யாணத்துக்கு என்று பி.எஃப்.பிலிருந்து முன்பணம் எடுக்க விதி இடம் கொடுக்கிறது. அந்தப் படிவங்களை நம்பினால், அன்று கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் ஒழுகாத கூரை ஒன்றுகூட இல்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்கவில்லை. ஏனென்றால் அடுத்து என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும்.

வங்கியில் இருந்த பணமும், சில வாரங்களில் முதிர்கிற குறுகிய காலப் பத்திரங்களும் சேர்ந்து ஒரு வாரம் தாங்கும். அதற்கு மேல் இந்த வரிசை தொடர்ந்தால் நீண்ட காலப் பத்திரங்களை விற்றுத்தான் பணம் கொடுக்க வேண்டும். விற்காத வரை அந்த மைனஸ் வெறும் காகிதத்தில் இருக்கிற மைனஸ். விற்ற நிமிஷம் அது நிஜ நட்டம். விதிப்படி அதை ஈடுகட்ட வேண்டிய கம்பெனியோ அப்போது தானே தட்டுத்தடுமாறிக்கொண்டிருந்தது. பயந்து எடுப்பவர்கள் தப்பித்துக்கொள்வார்கள், நம்பி இருப்பவர்கள் தலையில் விழும். நட்டமே இல்லாத இடத்தில் பயத்தாலேயே ஒரு நட்டத்தை உண்டாக்கப் பார்த்தார்கள் எங்கள் ஆட்கள்.

எல்லாக் கோபமும் தேசிங்கு மேல் திரும்பியது. நீதானே கையெழுத்துப் போட்டாய், எங்கள் பணத்தை எங்கே கொண்டுபோய் வைத்தாய் என்று உலைக்குப் பக்கத்திலேயே மடக்கியிருக்கிறார்கள். அவருக்கு அடுத்த வருஷம் ஓய்வு. வாழ்க்கை முழுக்க அனலில் நின்று சேர்த்த பணம் மொத்தமும் அதே டிரஸ்டில்தான் இருந்தது. மத்தியானம் சாப்பாட்டு டப்பாவோடு தனியாகப் போய் உட்கார்ந்தார் என்று கேள்விப்பட்டபோது எனக்கு மனசு கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் டிரஸ்ட் கூட்டம். நிர்வாகத்தின் பக்கம் எங்கள் நிதித் தலைவர். பெரிய படிப்புப் படித்தவர், நேர்மையானவர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த மாதிரிக் கதைகளில் எதிர்த் தரப்பை முட்டாளாக்கிவிடுவது நம் எல்லாருக்கும் வழக்கம். நீண்ட காலப் பத்திரங்கள் அத்தனையையும் உடனே விற்க ஒரு பட்டியல் தயார் செய்து, தன் கையெழுத்தையும் போட்டுக் கொண்டுவந்திருந்தார். வட்டி இன்னும் ஏறும், இன்று விற்றால் இவ்வளவு நட்டம், ஒரு மாதம் தள்ளினால் இதைவிட அதிகம் என்று எண்களோடு சொன்னார். அவர் கணக்கில் ஒரு பிழையும் இல்லை. நான் இரண்டு முறை சரிபார்த்தேன்.

உங்களில் பலர் அந்த இடத்தில் தலையாட்டியிருப்பீர்கள். நான் ஆட்டவில்லை. விலை இறங்குமா என்ற கேள்விக்கு அவர் சரியான விடை வைத்திருந்தார். எங்கள் முன்னால் இருந்தது வேறு கேள்வி. பணம் யாருக்கு வேண்டும், எப்போது வேண்டும்? எங்கள் ஆட்களில் பெரும்பாலோருக்கு ஓய்வு பெற இன்னும் பல வருஷம் இருக்கிறது. அத்தனை வருஷம் காத்திருக்கக்கூடிய பணத்தை, நாளை விலை இறங்குமே என்ற பயத்தில் இன்று ஏன் விற்க வேண்டும்? மாதாமாதம் சம்பளத்திலிருந்து அவர்கள் பங்கும் டிரஸ்டுக்கு வந்துகொண்டே இருக்கிறது. வரிசையை நிறுத்தினால் போதும், விற்கவே தேவையில்லை.

அப்படியானால் படிவம் வாங்குவதை நிறுத்திவைக்கலாமா என்று அவர் கேட்டார். கூடவே கூடாது என்றேன். ஒரு நாள் கதவைச் சாத்தினால் காங்கிரீட் கூரைக்காரனும் படிவத்தோடு வந்து நிற்பான். கேட்கிறவர்களுக்கெல்லாம் அன்றன்றே கொடுங்கள், குறுகிய காலப் பத்திரங்களை மட்டும் விற்றுக் கொடுங்கள் என்றேன். குறுகிய காலப் பத்திரத்தின் விலை வட்டி ஏறினாலும் அதிகம் அசையாது. அதற்குத்தான் அவை.

பட்டியல் தேசிங்கு முன்னால் இருந்தது. அவர் கையெழுத்து விழுந்தால் மறுநாளே விற்பனை. என்னைப் பார்த்துக் கேட்டார்.

"மேடம், உங்க பி.எஃப்.பும் இதுலதான கீது. நீங்க எடுத்துட்டீங்களா?"

"இல்ல. எடுக்கப் போறதும் இல்ல."

அவர் பேனாவை மூடினார். "நாளிக்கு ஷிப்ட் மாறற நேரத்துல எல்லாரும் கேன்டீன்ல இருப்பாங்கோ. நீங்க வந்து பேசுங்க. அவங்க நம்புனா நான் இதுல கையெழுத்துப் போட மாட்டேன். நம்பலன்னா போட்டுத்தான் ஆவணும். அதுக்கு மேல அவங்க கோவத்த என்னால தாங்க முடியாது."

நிதித் தலைவர் ஒரு நாள் அவகாசம் கொடுத்தார். அதற்கு மேல் கொடுக்க அவருக்கு மனசில்லை, அவர் நிலையில் எனக்கும் இருந்திருக்காது.

அன்றைக்கு இரவே என்ன பேசுவது என்று வீட்டில் எழுதி எழுதிப் பார்த்தேன். மறுநாள் மத்தியானம் கேன்டீனில் உட்கார இடமில்லை. வேலை முடித்தவர்கள் கரியும் மண்ணுமாக நிற்கிறார்கள், வேலைக்குப் போக வேண்டியவர்கள் புதுசாகப் பூசிய விபூதியோடு நிற்கிறார்கள். நான் கரும்பலகையில் குழந்தைகள் ஏறி இறங்கி ஆடுகிற சீசா பலகை படம் போட்டேன். ஒரு பக்கம் வட்டி, ஒரு பக்கம் விலை, இது ஏறினால் அது இறங்கும் என்று விளக்கினேன். உங்கள் பாடப் புத்தகம் எல்லாவற்றிலும் இருக்கிற படம். சுத்தத் தோல்வி. ஒரு முகத்தில்கூட ஒரு அசைவு இல்லை.

முன்வரிசையில் அந்தோணி நின்றுகொண்டிருந்தான். மோல்டிங் பிரிவில் வேலை, ஆனால் தொழிற்சாலையில் அவன் பிரபலமானது இன்னொரு காரணத்தால். மாதாமாதம் சம்பளத்துக்கு மறுநாள் இதே கேன்டீனில் ஏலச்சீட்டு நடத்துவான். நிர்வாகத்துக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருக்கும். அவன் கையைத் தூக்கினான்.

"இன்னா மேடம், கோடு போட்டுக்கினு கீறீங்க. எங்க டப்பு கீதா, பூட்ச்சா? அத்த சொல்லுங்க."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. அவனையே பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் தோன்றியது, என் முன்னால் நிற்கிறவர்களுக்குப் பத்திரக் கணக்கு ஏற்கெனவே தெரியும். மாதாமாதம் இதே இடத்தில் அதைத்தானே செய்கிறார்கள்! அவசரக்காரன் கழிவு தள்ளிக் குறைந்த தொகைக்கு முதலிலேயே எடுக்கிறான், பொறுத்தவன் கடைசியில் முழுசாக வாங்குகிறான். இன்றைய பணத்துக்கும் நாளைய பணத்துக்கும் விலை பேசுவதில் இவர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். கரும்பலகையை அழித்துவிட்டேன்.

ஒரு தாளைக் கிழித்து, 'இதைக் கொண்டு வருபவருக்கு ஒரு வருஷம் கழித்துப் பத்தாயிரம் ரூபாய் தருவேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அந்தோணி கையில் கொடுத்தேன். ஏலம் விடு என்றேன். அவன் பின்னால் நின்ற நிதித் தலைவரைத் திரும்பிப் பார்த்தான். அவர் கூரையைப் பார்த்தார். அந்தோணி மேஜைமேல் ஏறிவிட்டான்.

பேங்கில் வருஷத்துக்கு நூற்றுக்கு ஏழு வட்டி கொடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள், இந்தத் தாளுக்கு இன்று எவ்வளவு கொடுப்பீர்கள் என்று கேட்டேன். எட்டாயிரத்தில் ஆரம்பித்து மளமளவென்று ஏறி ஒன்பதாயிரத்து முந்நூறில் நின்றது. அதற்கு மேல் ஒருவரும் போகவில்லை, போகவும் கூடாது. கணக்குப்படி அங்கேதான் நிற்க வேண்டும். இப்போது பேங்க் ஒன்பது வட்டி கொடுக்கிறது, மறுபடியும் கேளுங்கள் என்றேன். ஒன்பதாயிரத்து நூற்றைம்பதோடு நின்றுவிட்டார்கள்.

அடுத்து இன்னொரு தாள். இது பத்து வருஷம் கழித்துப் பத்தாயிரம். ஏழு வட்டிக்கு ஐயாயிரத்தில் நின்றது. வட்டி ஒன்பது என்றதும் நாலாயிரத்துச் சொச்சத்துக்குச் சரிந்துவிட்டது. சிலர் செல்போனில் கணக்குப் போட ஆரம்பித்திருந்தார்கள். ஒரு வருஷத் தாளில் போனது இருநூறுகூட இல்லை, பத்து வருஷத் தாளில் எண்ணூறுக்கு மேலே போய்விட்டது என்று ஒருவர் பின்னாலிருந்து கத்தினார். காலம் நீள நீள விலை அதிகம் ஆடும் என்பதை நீங்கள் டியூரேஷன் என்று பரீட்சையில் எழுதுகிறீர்களே, அது அன்று கேன்டீனில் கரி படிந்த ஒரு வாயிலிருந்து வந்தது. நடுவில் வருகிற வட்டித் தவணைகளை விட்டுவிட்டீர்களே என்று இப்போது உங்களில் ஒருவர் கை தூக்குவீர்கள். தெரியும். வேண்டுமென்றுதான் விட்டேன், கையை இறக்குங்கள்.

அந்தத் தாளை வாங்கி உயர்த்திப் பிடித்தேன். வட்டி ஏறியதும் இதில் நான் எழுதியது ஏதாவது மாறியதா என்று கேட்டேன். ஒன்றும் மாறவில்லை என்றார்கள். பத்து வருஷம் வைத்திருந்தால் எவ்வளவு? பத்தாயிரம். இன்றே விற்றால்? நாலாயிரத்துச் சொச்சம்.

"பலகையில இருக்கற மைனஸ் அதுதான். இன்னிக்கே வித்தா கிடைக்கற விலை. யாரும் விக்கல. நாளைக்கும் நீங்க என் ரூம் வாசல்ல நின்னா, நான் வித்துத்தான் ஆகணும். அப்பதான் போகும்."

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அப்போது அந்தோணி, மேஜைமேல் நின்றபடியே, சீட்டு நடத்துகிறவனுக்கே உரிய கேள்வியைக் கேட்டான்.

"எல்லாம் சரி மேடம். எழுதிக் குட்த்தவன் ஓடிட்டான்னா?"

இதுதான் கேள்வி. விலை இறங்க இரண்டு காரணம் உண்டு. ஊரெல்லாம் வட்டி ஏறுவது ஒன்று, எழுதிக்கொடுத்தவன் மேல் நம்பிக்கை போவது இன்னொன்று. முதலாவதற்குப் பொறுமை மருந்து. இரண்டாவதற்குப் பொறுமை விஷம். இந்த இரண்டையும் ஒரே மைனஸில் போட்டுக் குழப்பிக்கொள்கிறவன் இந்தத் தொழிலுக்கு வரவே கூடாது.

பட்டியலை எடுத்து ஒவ்வொரு பத்திரத்தையும் எழுதிக்கொடுத்தவர் யார் என்று சத்தமாகப் படித்தேன். மத்திய அரசு, தமிழ்நாடு அரசு, பக்கத்து மாநில அரசுகள். கூட்டம் தலையாட்டிக்கொண்டே வந்தது. கடைசியில் ஒன்று மிச்சம் இருந்தது. ஒரு தனியார் நிதி நிறுவனத்தின் பத்திரம். விதிக்கு உட்பட்டு, நல்ல தரச்சான்று இருந்த காலத்தில் வாங்கியது. மொத்தத்தில் சின்னப் பங்கு. வட்டி ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. ஆனால் அதன் விலை மட்டும் மற்றவற்றைவிட அதிகமாக இறங்கியிருந்தது. அதற்கு ஊர் வட்டி காரணம் இல்லை. பின்னாலிருந்து நிதித் தலைவர் என்னைப் பார்த்துத் தலையை இடம் வலமாக ஆட்டினார். அதைச் சொல்லாதே என்று அர்த்தம். நெருப்பு அணைகிற நேரத்தில் எதற்கு எண்ணெய் என்று அவருக்கு.

நான் படித்தேன். இது அரசு இல்லை, கம்பெனி என்றேன். மற்றதற்கெல்லாம் நான் கவலைப்படவில்லை, இந்த ஒன்றுக்குக் கவலைப்படுகிறேன் என்று பச்சையாகச் சொன்னேன். இதை நட்டத்துக்காவது விற்றுவிட வேண்டும் என்பது என் கருத்து, எவ்வளவு நட்டம் என்றும் சொல்கிறேன் என்று தொகையையும் சொன்னேன்.

எங்கே கத்த ஆரம்பிப்பார்களோ என்று பார்த்தேன். கத்தவில்லை. ஒரு பெருமூச்சுதான் வந்தது. நான்கு பேர் உட்கார இடம் தேடினார்கள், ஒருவர் டீ கேட்டார். கெட்டது ஒன்றை நானே என் வாயால் சொன்ன பிறகுதான் நல்லது என்று சொன்னவற்றை எல்லாம் நம்பினார்கள். எல்லாமே பத்திரமாக இருக்கிறது என்று முடித்திருந்தால் ஒரு ஆள்கூட நம்பியிருக்க மாட்டார் என்று இன்றைக்கும் சத்தியம் செய்வேன்.

தேசிங்கு கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். நிதித் தலைவரிடமிருந்து அந்த விற்பனைப் பட்டியலைக் கேட்டு வாங்கினார். அரசுப் பத்திரங்கள் அத்தனை மேலும் குறுக்கே கோடு போட்டார். அந்த ஒற்றைக் கம்பெனிப் பத்திரத்தை மட்டும் விட்டார். எல்லார் முன்னாலும் கேன்டீன் மேஜையிலேயே கையெழுத்துப் போட்டு, அவரிடமே திருப்பிக் கொடுத்தார். தேசிங்கு அடித்த கோடுகளுக்குப் பக்கத்தில் நிதித் தலைவர் தானும் கையெழுத்திட்டார். கைதட்டல் கிளம்பியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்கக் கரும்பலகையை இன்னொரு முறை துடைத்தேன்.

மறுநாளும் வரிசை இருந்தது, பாதி அளவு. கேட்டவர்களுக்கெல்லாம் ஒரு கேள்வியும் கேட்காமல் அன்றே கொடுத்தேன். நிஜமாகவே ஆபரேஷனுக்குக் காத்திருந்த ஒருவரை முதலில் கூப்பிட்டுக் கொடுத்தேன். கொடுக்கிறார்கள் என்பது தெரிந்ததும் கேட்கிற ஆள் குறைந்தது. வாரக் கடைசியில் நிஜமாக ஒழுகுகிற கூரைகள் மட்டும்தான் மிச்சம். நீண்ட காலப் பத்திரம் ஒன்றைக்கூட விற்கவில்லை. அந்த நிதி நிறுவனம் அடுத்த சில மாதங்களில் வட்டி கட்டத் தவறியது. வைத்திருந்தவர்கள் எல்லாம் தலையில் கை வைத்தார்கள். எங்களிடம் அது இல்லை. நிதித் தலைவர் அந்தச் செய்தியைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்துவிட்டு, "கணக்கு எனக்கும் தெரியும் மேடம். நான் வேற கேள்விக்குப் போட்டுட்டேன்" என்றார். அப்படிச் சொல்கிற மேலதிகாரி எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. வாய்த்தால் விட்டுவிடாதீர்கள்.

அடுத்த டிரஸ்ட் கூட்டத்தில் தேசிங்கு ஒரு கேள்வி கேட்டார். வட்டி ஏறி விலை இறங்கிக்கினு கீது, அப்போ நம்ம மாசா மாசம் வர்ற டப்புக்கு வாங்கறதுக்கு இதான நேரம் என்றார். நானும் அதே தீர்மானத்தை எழுதி வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். ஊர் முழுக்க விற்றுக்கொண்டிருந்த நீண்ட காலப் பத்திரங்களை நாங்கள் மாதாமாதம் வாங்கினோம். நல்ல வட்டி, குறைந்த விலை. வாங்கும் ஆணையைக் கொடுக்கப் போன் செய்தபோது அந்தக் குரல், மற்றவர்கள் எல்லாரும் விற்கச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள் என்றது. அவளிடம் நான் அடித்த முதல் பெருமை அன்றைக்குத்தான்.

ஏப்ரல் பிறந்தது. ஒரு காலை பஸ்ஸை விட்டு இறங்கினால் என் அறை வாசலில் மறுபடியும் வரிசை. டைம் ஆபீஸைத் தாண்டி நிற்கிறது. மறுபடியும் என்ன போட்டோ சுற்றுகிறதோ என்று நினைத்தேன். முதல் ஆளாக தேசிங்கு நிற்கிறார், அவருக்குப் பின்னால் அந்தோணி. கையில் இருந்தது அட்வான்ஸ் படிவம் இல்லை. மாதச் சம்பளத்தில் பி.எஃப்.புக்குப் பிடிப்பதைத் தங்கள் விருப்பத்தில் கூட்டிக்கொள்ள எழுதிக் கொடுக்கிற படிவம். வருஷத்துக்கு ஒரு தடவை ஏப்ரலில்தான் வாங்குவோம். அதுவரை மாடியில் இருக்கிற அதிகாரிகள் மட்டும்தான் அதைத் தொடுவார்கள்.

நான் உண்மையைச் சொல்லியாக வேண்டும். பத்திரத்தை மலிவாக வாங்கியதால் உங்கள் ஒருத்தர் கணக்கில் மட்டும் கூடுதலாக ஒன்றும் ஏறாது, எல்லாருக்கும் அறிவிக்கிற அதே வட்டிதான் என்று தேசிங்கிடம் சொன்னேன். உங்களுக்கு ஓய்வு பெற இன்னும் சில மாதம்தானே இருக்கிறது, எதற்கு என்றும் கேட்டேன்.

"தெரியும் மேடம். வெளிய போறதுக்கு நிக்கறத எல்லாரும் பாத்தாங்க. உள்ள போடறதுக்கு நிக்கறதையும் பாக்கட்டும்" என்றார்.

படிவத்தை வாங்கி வைத்தேன். பத்து மணிக்கே கையிருப்பில் இருந்த படிவங்கள் தீர்ந்துவிட்டன. வரிசை அப்படியே நின்றது. புதுவாயலுக்கு ஆள் அனுப்பி, நூறு ஜெராக்ஸ் எடுத்துவரச் சொன்னேன்.